அடித்தையல் இல்லாத பை

பெரியவளுக்குத் தையல் தெரியும், கத்தரி தெரியும், ஊர் வாயை அடைக்கவும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். எதையும் தெரியாது என்று சொல்லத் தெரியாது. அந்தக் குறைக்காக ஆண்டவன் அவளைத் தண்டித்துவிட்டான் என்று சொன்னால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் ஆண்டவனை இதில் இழுக்க வேண்டாம், அவன் பாட்டுக்கு இருந்தான். எல்லாம் இவளே செய்துகொண்டதுதான்.

சாவி வெட்டிக் கொடுக்கும் கடைக்கு மேலே மாடியில் அவளுக்கு இரண்டு அறை. பின்னறை வீடு, முன்னறை தையல்கூடம். முன்னறையில் மூன்று மெஷின், ஓரம் அடிக்க ஓர் ஓவர்லாக், ஜன்னலை ஒட்டி நீளமாக ஒரு வெட்டு மேஜை. அந்த மேஜைமேல் யாரும் டீ கிளாஸ் வைக்கக் கூடாது, முழங்கை ஊன்றக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. கடைசி விதியைச் சேர்த்தவள் கண்ணாடி. கண்ணாடி என்பவள் அங்கே வெகுகாலமாகத் தைக்கிறவள். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அதையே நாளெல்லாம் தேடுவதால் அந்தப் பெயர் வந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. பெரியவளுக்கு ஸ்கேல் என்று ஒரு பெயர் வைத்து, முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கிக்கொண்டிருந்தாள்.

தைப்பது தோளில் மாட்டிக்கொண்டு போகிற துணிப்பை. துணி அச்சுக்கூடத்திலிருந்து பேனல் பேனலாக வரும். ஒரு பேனல் என்றால் ஒரு பைக்கு வேண்டிய முன்பக்கம், பின்பக்கம், கைப்பிடிப் பட்டை எல்லாம் படத்தோடு துணியிலேயே அச்சாகியிருக்கும். வெட்ட வேண்டிய இடத்தில் கோடு, தைக்க வேண்டிய இடத்தில் புள்ளி. "கோட்டுல வெட்டு, புள்ளியில தை, நடுவுல மூளையைக் கொண்டுவராதே" என்பது பெரியவள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுதான். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முகத்தோடு முகம் பொருத்தி, இரு ஓரமும் அடியும் தைத்து, அடி மூலைகளைக் கிள்ளி ஒரு தையல் போட்டுத் திருப்பினால் பை தரையில் உட்காரும். படங்களும் பெரிதாக மாறுவதில்லை. பழக்கூடை, பூனை, குடை பிடித்த பெண், அப்புறம் மறுபடியும் பூனை.

இந்தப் பைகளுக்கு ஒரே ஒரு வியாதி, அடித்தையல். சனங்கள் துணிப்பையில் உருளைக்கிழங்கு போடுவார்கள், புத்தகம் போடுவார்கள், சிலர் செங்கல் போடுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கும். துணி கிழியாது, கைப்பிடி அறாது, அடி மட்டும் வாயைப் பிளந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து பெரியவளிடம் நியாயம் கேட்பார்கள். அவள் தைத்தும் கொடுப்பாள், வாங்கியும் கட்டிக்கொள்வாள். அவர்கள் படியிறங்கியதும், அடியே இல்லாத பையை எவனாவது கண்டுபிடித்தால் அவனுக்குக் கோயில் கட்டலாம் என்று புலம்புவாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் புலம்பல் உண்டு. சின்னவள் தன் மெஷினில் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

சின்னவள் என்பது தங்கை. கல்யாணமாகிப் போனவள், அந்த வாழ்க்கை சரிப்படாமல் ஒருநாள் காலையில் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். என்ன ஏது என்று பெரியவள் கேட்கவில்லை. தன் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளி இன்னொரு கட்டிலுக்கு இடம் பண்ணினாள், அவ்வளவுதான். அவள் வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களை வரிசைப்படுத்தினால் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்ததற்குத்தான் முதல் இடம். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்கி, ஒரே மேஜையில் வேலை செய்து, ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையில் பேசுவது ஒருத்தி மட்டும்தான் என்பதால் அது சீக்கிரம் முடிந்துவிடும்.

சின்னவள் படம் போடுவாள். துணி சுற்றி வரும் அட்டைகளை எறியாமல் எடுத்துவைத்து, மத்தியானத்தில் கொஞ்சம், ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரை கொஞ்சம் என்று எதையாவது வரைவாள். கண்ணாடியின் மூக்கை ஒரு தடவை வரைந்தாள், கண்ணாடி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. பெரியவள் அந்த அட்டைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். வெறுப்பெல்லாம் இல்லை. தங்கைக்குத் தனக்குத் தெரியாத ஒன்று தெரியும் என்பது அவளுக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தல். "படத்தைப் போட்டு யாரு வயிறு ரொம்பிச்சு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படி இருக்கையில் சின்னவளின் பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் வேறொரு ஊரில் பெரிய துணி அச்சுக்கூடத்தில் பொறுப்பில் இருக்கிறாள். படம் வரைய ஆள் வேண்டும், நீ வந்துவிடு, தங்க இடம் நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சின்னவள் அதை இரண்டு நாள் மனசுக்குள் வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் சொன்னாள்.

"எனக்குப் போகணும்னு ஆசையில்லக்கா. ஆனா அடுத்தவங்க பூனையையே தைச்சுக்கிட்டிருக்கவும் முடியல. நானே வரைஞ்சு ஒரே ஒரு பை இங்கேயே போட்டுப் பாக்கறேன். அது நல்லா வந்துதுன்னா இங்கேயே இருந்துடறேன். வரலைன்னா அவகிட்ட போறேன்."

பெரியவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, போட்டுப்பார், யார் வேண்டாம் என்றது என்றாள். சொன்ன தோரணையில் என்னவோ கடை முழுக்க எழுதிக் கொடுத்தமாதிரி இருந்தது. உள்ளே அவளுக்குப் பயம், வெறும் பயம். இன்னொரு கட்டில் காலியாகக் கிடக்கும் அந்தப் பின்னறையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போகாதே என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் சின்னவள் போயிருக்க மாட்டாள். அது பெரியவளுக்கு வராத வார்த்தை.

சின்னவள் வரைந்தாள். மழைக்காலம் முழுக்க வரைந்தாள். வழக்கத்துக்கு மாறாக இந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை, வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சிரித்தாள். பெரியவளுக்கு அது மனத்தாங்கல். என்ன பெரிய சிதம்பர ரகசியம் என்று கண்ணாடியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். தெருமுனையில் புத்தகக்கடை வைத்திருக்கும் அம்மாள் அந்தப் பைகளைக் கடை வாசலிலேயே மாட்டுவதாக ஒத்துக்கொண்டார். வழக்கமாகத் துணி வரும் அச்சுக்கூடத்துக்கே படம் போயிற்று.

துணி வந்த அன்று சின்னவள் கைப்பிடிக்கு நாடா வாங்கச் சந்தைத் தெருவுக்குப் போயிருந்தாள். இந்தப் பைக்குத் துணிப் பட்டை வேண்டாம், தடித்த நாடாதான் வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். புறப்படும்போது, துணி வந்தால் பிரிக்காதே, நான் வந்து பிரிக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பிரிக்காதே என்று சொன்னபிறகு ஒரு கட்டைப் பிரிக்காமல் இருக்கிற பிறவியா பெரியவள்? கொண்டுவந்தவன் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் கயிற்றை அறுத்துவிட்டாள்.

மேஜையில் துணியை உருட்டி விரித்தாள். முதல் பேனலைப் பார்த்ததும் உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பேனலின் மேல்பாதியில் ஒரு சிறுமி கையில் ஏதோ துணியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். கீழ்ப்பாதியிலும் ஒரு சிறுமி இருந்தாள். அவள் நின்றது தலைகீழாக. சீட்டுக்கட்டு ராணி மாதிரி ஒருத்தி மேலே பார்த்துக்கொண்டும் ஒருத்தி கீழே பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். பெரியவள் அடுத்த பேனலை இழுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். கடைசிவரை உருட்டிப் பார்த்துவிட்டாள், எல்லாமே அப்படித்தான். அவள் கைபட்டுப் போன எத்தனையோ பேனல்களில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே திசையில் நேராகத்தான் நிற்கும். பூனை எந்தக் காலத்திலும் தலைகீழாக வந்ததில்லை.

"தலைகீழா குடுத்திருக்கா பாரு," என்றாள். "பின்பக்கத்தைத் திருப்பி வைக்காமலே குடுத்துட்டா."

அந்த நொடியில் அவள் மனதில் என்ன இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதலில் பதறினாள், அது உண்மை. பதற்றத்துக்குக் கீழே துளி சந்தோஷமும் இருந்தது. இத்தனை நாள் மூடிமூடி வைத்தாளே, கடைசியில் இதுதானா என்கிற சந்தோஷம். அதற்கும் கீழே தங்கைமேல் பாசமும் இருந்தது. இதைப் பார்த்தால் அவள் உடைந்துபோவாள், பை சரியாக வரவில்லை என்று பெட்டியைக் கட்டிவிடுவாள். அவள் வருவதற்குள் நாமே சரிபண்ணிவிட்டால் அவள் கண்ணிலேயே படாமல் போய்விடும். நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் பாதியில் கை கூசி நின்றிருக்கும்.

சரிபண்ணுவது எப்படி என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. பேனலை நடுவில் இரண்டாக வெட்டிக் கீழ்ப்பாதியைத் திருப்பி வைத்தால் இருவரும் நேராக நின்றுவிடுவார்கள். வழக்கம்போல அடியில் ஒரு தையல் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடி தன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து மேஜையில் குனிந்து பார்த்தாள்.

"நடுவுல கோடே போடலையேக்கா," என்றாள். "புள்ளியும் இல்ல. ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வெட்டலாமே."

"அதையும் மறந்திருக்கா. எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டு நின்னா கடை நடத்தின மாதிரிதான்."

கோட்டில் வெட்டு என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள், கோடு இல்லாத இடத்தில் தானே ஸ்கேலை வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தாள். பேனல்களைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைக் குறிகள் ஒன்றோடொன்று சேர்கிறதா என்று குண்டூசி குத்திச் சரிபார்த்தாள். அடுக்கி வெட்டுவதில் ஒரு வசதி, எல்லாம் ஒரே ஓட்டத்தில் வெட்டுப்படும். அதில் இருக்கிற ஆபத்தும் அதுதான். வெட்டு மெஷின் ஒரு மூலையில் புறப்பட்டு அடுத்த மூலையில் நின்றபோது, மழைக்காலம் முழுக்க வரைந்தது இரண்டு அடுக்காகப் பிரிந்து கிடந்தது. துணிச்சுருளின் கடைசியில் சாயம் மங்கலாக விழுந்த ஒரே ஒரு பேனலை மட்டும் கழிவு என்று ஒதுக்கிக் கூடையில் போட்டிருந்தாள். அது மட்டும் முழுசாகத் தப்பியது.

சின்னவள் நாடாச் சுருளை மார்போடு அணைத்தபடி படியேறி வந்தபோது ஏழெட்டுப் பை தைத்துத் திருப்பியாகிவிட்டது. பெரியவள் முகத்தில் வெற்றிக்களை. ஒரு பையைத் தூக்கிக் காட்டி, தலைகீழாக அச்சாகியிருந்ததையும் தான் காப்பாற்றிய விதத்தையும் விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடி மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

சின்னவள் பையை வாங்கிப் பார்த்தாள். அடித்தையல் உள்ளே வாங்கிக்கொண்டதில் இரண்டு சிறுமிகளுக்கும் பாதம் இல்லாமல் போயிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கூடையிலிருந்த அந்த மங்கல் பேனலை எடுத்தாள். அதை நடுவில் மடித்து, இரண்டு முனையையும் சேர்த்து உயரப் பிடித்தாள்.

முன்பக்கம் ஒரு சிறுமி நேராக நின்றாள். சின்னவள் அதை அப்படியே திருப்பினாள். பின்பக்கச் சிறுமியும் நேராக நின்றாள். ஒருத்தி கையிலிருந்து இறங்கிய நீலக்கோட்டுப் போர்வை, முறுக்கிக்கொண்டு, அடி மடிப்பைச் சுற்றி அந்தப் பக்கம் ஏறி அடுத்தவள் கைக்குப் போயிற்று. நனைந்த போர்வையை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்துப் பிழிகிறார்கள். நடுவில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. பையில் எத்தனை பாரம் போட்டாலும் அந்தப் போர்வைதான் தாங்கும். மடிக்கிற துணியில் ஒரு பாதி தலைகீழாக இருந்தால்தான் மடித்தபின் நேராக நிற்கும் என்பது, பார்த்தபிறகு யாருக்கும் புரிகிற விஷயம்.

"அடித்தையல் பிஞ்சு பிஞ்சு வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தியேக்கா," என்றாள் சின்னவள். "அதான்."

 இந்த இடத்தில் பெரியவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஐயோ, தப்புப் பண்ணிட்டேண்டி என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தால் சின்னவளும் அழுதுவிட்டு, பிறகு சிரித்திருப்பாள், துணியை இன்னொரு முறை அச்சடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கண்ணாடி தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதற்கு மீசை இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

"இதையெல்லாம் மனசுக்குள்ள பூட்டி வச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? துணி வந்தா வெட்டுவேன், அதுதான் என் வேலை," என்றாள் பெரியவள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நீ வரைஞ்சது சரியாவே இருக்கட்டும். பாக்கறவங்களுக்குத் தப்பா தெரிஞ்சா அது தப்புதான்."

 சின்னவள் பேனலை மடித்து வைத்தாள்.

"சொல்லியிருக்கணும்தான்," என்றாள். "என் தப்பு."

அவள் கோபப்பட்டிருந்தால் பெரியவளுக்கு அது பழக்கமான பாதை. இரண்டு நாள் முறைத்துக்கொண்டு மூன்றாம் நாள் டீ போட்டுக் கொடுத்துச் சரிபண்ணியிருப்பாள். இவளோ மெஷினில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட பாதிகளை எடுத்து முகத்தோடு முகம் வைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். போர்வையின் நீலக்கோடு அடியில் கொஞ்சமாவது பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. ஒவ்வொரு பையிலும் அது வெவ்வேறு இடத்தில் முறிந்து நின்றது.

பைகள் புத்தகக்கடைக்குப் போயின. வாசலில் மாட்டினார்கள். வித்தியாசமாக இருக்கிறதே என்று ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். புத்தகக்கடை அம்மாள் தானே மாடியேறி வந்து, இன்னும் வேண்டும் என்றார். பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனதில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது, இனி தங்கை எங்கும் போகமாட்டாள் என்று நிம்மதி வந்துவிட்டது. அன்று சாப்பிடும்போது, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அடியில் தையல் இருப்பதை ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை பார்த்தாயா என்று தங்கையிடம் சொன்னாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவர்கள் எல்லோரும் வேலைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. சிலர் சோற்றைப் பரிமாறிக்கொண்டே பாய்ச்சுவார்கள்.

"ஆமாக்கா," என்றாள் சின்னவள். "யாரும் பாக்கல."

அடுத்த வாரம் அவள் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். பெரியவள் பதறிப்போய் வாசலில் மறித்து நின்றாள்.

"பை நல்லா வந்தா இருந்துடறேன்னு நீதானே சொன்னே? நல்லா வித்துதே."

"வித்தது என் பை இல்லையேக்கா," என்றாள் சின்னவள். குரலில் வருத்தம் இருந்ததே தவிர, குத்தல் இல்லை.

பேருந்து நிலையம்வரை பெரியவள் கூடப் போனாள். வழி முழுக்கப் பேசினாள். தண்ணீர் மாறினால் சளி பிடிக்கும், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படு, தோழியாகவே இருந்தாலும் அவள் வீட்டில் ரொம்ப நாள் தங்காதே என்று வாய் ஓயவில்லை. பேச வேண்டியது ஒன்றுதான், அதைத் தவிர எல்லாவற்றையும் பேசினாள். வண்டி கிளம்பியதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவன் பார்க்கிறான் என்று அதையும் அடக்கிக்கொண்டு வீடு வந்தாள்.

அப்புறம் பூனைப் பைகள் வந்தன, பழக்கூடைப் பைகள் வந்தன. சின்னவள் உட்கார்ந்த மெஷினில் வேறு ஆள் போடலாம் என்று கண்ணாடி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பெரியவள் அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துணியால் மூடிவைத்தாளே ஒழிய யாரையும் உட்காரவிடவில்லை. வாரம் ஒருமுறை தங்கையோடு போனில் பேசுவாள். அங்கே மழையா, இங்கே மழை என்கிற அளவில் பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் மத்தியானம், கனமான புத்தகங்களை வைத்துத் தூக்கியதில் பை பிய்ந்துவிட்டது என்று ஒரு பெண் வந்தாள். அவள் கொடுத்துவிட்டுப் போனது சின்னவளின் பை. அடி வாயைப் பிளந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். பெரியவள் ஓரத் தையல்களையும் பிரித்து, இரண்டு பாதியையும் மேஜையில் போட்டுத் தேய்த்தாள். புதுத் தையல் போடுவதற்குமுன், என்ன தோன்றியதோ, கீழ்ப்பாதியைத் தலைகீழாகத் திருப்பி, தையலுக்குள் மறைந்திருந்த பாதங்கள் ஒன்றையொன்று பார்க்க, அச்சாகி வந்தபடியே சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

அத்தனை பையையும் வெட்டியவள் அவள், பாதிக்குமேல் தைத்தவளும் அவள்தான். அந்தச் சிறுமிகளின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். மூத்த சிறுமி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, முழு பலத்தோடு போர்வையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கீழுதட்டுக் கடி பெரியவளுடையது. கனமான எதைத் தூக்கினாலும் இன்றைக்கும் அவளுக்கு அது வரும். இளையவள் முறுக்கின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், முனையை விடவும் மனமில்லாமல், நுனிக்காலில் எழும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய வீட்டுப் பின்கட்டில் துவைத்த போர்வைகளை இவர்கள் இரண்டு பேரும்தான் பிழிவார்கள். அக்கா முறுக்குகிற முறுக்கில் தங்கை ஒரு சுற்றுச் சுற்றி விழுவாள், எழுந்து மறுபடி முனையைப் பிடிப்பாள், ஒருநாளும் விட்டதில்லை. அது பெரியவளுக்கு மறந்தே போயிருந்தது. அவள் மறந்ததைத்தான் சின்னவள் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். வந்ததும் பாரு என்றது இதைத்தான். வந்தது, பார்த்தாள். எது தலைகீழ் என்று பார்த்தாளே தவிர, யார் என்று பார்க்கவில்லை.

பெரியவள் மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து அழுதாள். கண்ணாடி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். 

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், தெரியும். ஆனாலும் அப்போதே தங்கைக்குப் போன் போட்டாள். அங்கே மெஷின்கள் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. சின்னவள் வெளியே வந்து, என்னக்கா இந்த நேரத்தில், உடம்பு சரியில்லையா என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"அந்தப் படத்துல இருக்கிறது நாம ரெண்டு பேருதானே?"

 ஆமாம் என்றாள் சின்னவள்.

"தப்பு என்னோடதுடி. வெட்டினதும் தப்பு, அப்புறம் பேசினது அதைவிடத் தப்பு." சொல்லி முடித்ததும் இத்தனை சின்ன விஷயத்துக்கா இவ்வளவு நாள் என்று பெரியவளுக்கே வியப்பாக இருந்தது. வாய் திறந்துவிட்டதால் மீதியும் தானாக வந்தது. நீ வந்துவிடு, அதே படத்தை மறுபடி அச்சடிக்கலாம். வர முடியாவிட்டால் வேறு எதையாவது வரைந்து அங்கிருந்தே அனுப்பு, நீ சொல்கிறமாதிரியே தைக்கிறேன், நீ சொல்லாமல் கத்தரியைத் தொடமாட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். இப்போது என்ன வரைந்துகொண்டிருக்கிறாய் என்று ஆசையோடு கேட்டாள். வாழ்நாளில் அவள் தங்கையிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப வரையறதில்லக்கா," என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குப் புரியவில்லை. வரையத்தானே கூப்பிட்டார்கள் என்றாள்.

"வந்த புதுசுல உக்காந்து பாத்தேன். பென்சிலை எடுத்தாலே, பாக்கறவங்களுக்கு இது எப்படித் தெரியுமோன்னு முதல்ல தோணிடுது. அப்புறம் கை போகல. நானே கேட்டு வேற பக்கம் மாத்திக்கிட்டேன்." அவள் குரல் அக்காவைத் தேற்றுகிறமாதிரிதான் இருந்தது. "நீ அழாதேக்கா. இங்க வேலை நல்லாத்தான் இருக்கு. அச்சாகி வர்ற துணியில, அடுத்தவங்க வரைஞ்சதுல எங்க தப்பு இருக்குன்னு பாத்துச் சொல்லணும், அவ்வளவுதான். எனக்கு அது நல்லா வருதுன்னு சொல்றாங்க."